ஏழுக்குப் பக்கத்தில் முப்பத்தொன்று

கம்பெனி லைனில் ஏழாம் நம்பர் வீட்டுக்குப் பக்கத்து வீடு முப்பத்தொன்று. அதற்கு அடுத்தது பன்னிரண்டு. அதைத் தாண்டினால் நான்கு. புதிதாக வருகிற தபால்காரர் முதல் வாரம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். இரண்டாவது வாரத்திலிருந்து எல்லாக் கடிதத்தையும் ஜான் பீயின் டீக்கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இந்த நம்பர்களைப் போட்டவர் காசியம்மாள். ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே விளங்காது.

"எது மொதல்ல வந்துச்சோ அதுதானங்க ஒண்ணு?" என்பார்.

கிரானைட் குவாரியில் வழக்கம் அதுதான். பாறையிலிருந்து எந்தக் கல் முதலில் பிரிந்து வருகிறதோ அதற்கு முதல் நம்பர். யார்டில் அது எந்த மூலையில் கிடந்தாலும் நம்பர் மாறாது. கல்லுக்கு நம்பர் எழுதிப் பழகிய கை, வீட்டுக்கும் அப்படியே எழுதிவிட்டது. எந்த வீட்டுக்குக் கூரை முதலில் ஏறியதோ அது ஒன்று. கடைசியாக ஏறியது முப்பத்தெட்டு. தெருவில் வீடுகள் நிற்கிற வரிசை காசியம்மாளுக்கு ஒரு கணக்கே அல்ல.

இந்த நம்பர்களால் ஒருநாள் முப்பத்தெட்டு வீடும் போய்விடும் நிலை வரும் என்று யார் நினைத்தார்கள்?

மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் நரிக்கரடு. கரடு என்றால் வெறும் பாறைக் குன்று. ஆடு மேய்க்கிறவர்கள்கூட மழைக்கு ஒதுங்குவதோடு சரி. அரசாங்கப் பதிவேட்டில் அந்த இடத்துக்குக் கல்லாங்குத்து என்று பெயர். உழவும் ஆகாது, குடியிருக்கவும் ஆகாது என்பது அதற்கு அர்த்தம். எண்பத்தாறாம் வருஷம் கம்பெனிக்காரர்கள் வந்து அந்தப் பாறையில் கையகலம் உடைத்து, பாலிஷ் போட்டுப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்துக்குள் ஊதாவும் ரோஜாவும் புகை மாதிரி சுழன்று கிடந்தன. அடுத்த வருஷமே டெரிக் கிரேன் ஏறிவிட்டது.

வேலைக்கு ஆள் வந்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து, வத்தல்மலை அடிவாரத்திலிருந்து, ஆந்திராவிலிருந்துகூட. வீடு கட்டித் தரக் கம்பெனிக்கு மனமில்லை. ஆனால் ஏற்றுமதிக்கு உதவாத கல்லை எடுத்து நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றது. அப்படி எழுந்ததுதான் கம்பெனி லைன். இத்தாலியில் மாளிகைக்குத் தரையாகப் போகிற கல்லின் தம்பிகளை வைத்துக் கட்டிய வீடுகள். சுவர் ஒன்றரை முழம் கனம். சித்திரை வெயில் உள்ளே வராது.

காசியம்மாள் அங்கே வந்தது எண்பத்தேழில், குப்புராஜின் மனைவியாக. குப்புராஜ் ஜாக்ஹேமர் ஓட்டுகிறவர். பாறையில் வரிசையாகத் துளை போட்டுக் கல்லைப் பிரிக்கிற வேலை. கல்யாணமாகி மூன்றாம் நாள் காசியம்மாளும் குவாரிக்குள் இறங்கினார். முதலில் சில்லு வாரினார். பிறகு, சூப்பர்வைசர் மாதவராஜ் கல்லை அளந்து நம்பர் எழுதும்போது பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அந்த வேலையில் இருந்த இரண்டு மாதமும் டின்னைப் பிடித்தபடி அவர் பார்த்ததெல்லாம் மாதவராஜின் எழுத்தைத்தான். அவர் எழுதும் ஆறு பூஜ்யம் மாதிரி இருந்தது. ஏழு ஒன்று மாதிரி இருந்தது. துறைமுகத்தில் இரண்டு கல் மாறிப்போன கதை லைனில் எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் பெரிய கல் ஒன்றை மாதவராஜ் அளந்து முடித்துவிட்டு, கை வலிக்கிறது, நீயே எழுது என்று பிரஷ்ஷைக் காசியம்மாளிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் எழுதவில்லை.

"என்ன நிக்கற? எழுது."

"இதுல நூல் ஓடுதுங்க சார்."

நூல் என்றால் கல்லுக்குள் ஓடுகிற மயிரிழை வெடிப்பு. நூல் ஓடின கல் மெஷினில் அறுக்கும்போது இரண்டாகப் போய்விடும்.

"நான் பாக்காத நூலு நீ பாத்துட்டியா? எழுதும்மா."

"எழுதறனுங்க. தண்ணி ஊத்திட்டு எழுதறன்."

குடத்திலிருந்த தண்ணீரைக் கல்லின்மேல் முழுக்க ஊற்றினார். வெயில் நேரம். மாதவராஜ் வாட்சைப் பார்த்தார். ஜாக்ஹேமரை நிறுத்திவிட்டுக் குப்புராஜ் உட்பட நாலைந்து பேர் வந்து நின்றார்கள். கல் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் எல்லா இடமும் வெளுத்துவிட்டது. நடுவில் மட்டும், பென்சிலால் கிழித்தது மாதிரி ஒரு கருப்புக் கோடு காயாமல் நின்றது. ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வெடிப்பு அது.

மாதவராஜ் கெட்ட மனிதர் அல்ல. கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்துவிட்டு, டின்னைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "நாளையிலேர்ந்து நீ எழுது. நான் டின்னு புடிக்கறன்" என்றார். டின்னைப் பிடிக்கவில்லை, ஆனால் எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டார். அன்று முதல் நரிக்கரட்டிலிருந்து கப்பலேறிய ஒவ்வொரு கல்லிலும் காசியம்மாளின் எழுத்து இருந்தது. மேலே நம்பர், கீழே வருஷம். தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒரு கல்லுக்கும் அவர் நம்பர் போட்டதில்லை.

லைனில் அது பழமொழியாகவே ஆகிவிட்டது. யாராவது மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தால் ஜான் பீ டீ ஆற்றிக்கொண்டே கேட்பார்: "தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

"பாத்தோம், பாத்தோம். ஊத்தறதுக்கு முன்னாலயே அவரு ஊத்திக்கிட்டுத்தான் வந்தாரு."

தொண்ணூற்றொன்றில் ரேஷன் கார்டு கொடுக்க ஆள் வந்தார்கள். கதவு நம்பர் இல்லாமல் கார்டு எழுத முடியாது என்றார்கள். மாதவராஜ் காசியம்மாளைக் கூப்பிட்டு, வீட்டுக்கெல்லாம் நம்பர் போட்டுவிடும்மா என்றார். சிவப்பு எனாமல் டின்னோடு போனவர் ஒரே நாளில் முப்பத்தெட்டு வீட்டையும் முடித்தார். வாசலுக்கு வலது பக்கம் மார்பு உயரத்தில் இருக்கும் கல்லில், மேலே நம்பர், கீழே வருஷம். கல்லுக்கு எழுதுகிற அதே முறை. ரேஷன் கார்டில் அது ஏறியது. பிறகு ஓட்டர் லிஸ்டில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில், கேஸ் புத்தகத்தில். கல்லாங்குத்து ஓர் ஊர் ஆகிவிட்டது.

நல்ல காலம் பதினைந்து வருஷம் இருந்தது. சனிக்கிழமை சந்தை கூடியது. இரண்டு டவுன் பஸ் லைன்வரை வந்து திரும்பின. இரண்டறைப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, விநாயகர் சதுர்த்திக்கு டெரிக் உயரத்துக்குச் சீரியல் லைட். ஜான் பீயின் கணவர் தாவூது ட்ரில் ராடுகளை உலையில் வைத்து முனை அடிக்கிற பட்டறை நடத்தினார். பக்கத்திலேயே டீக்கடை. கல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அங்கே தொடர்ந்து நாலு டீ குடித்ததை ஜான் பீ இன்றும் சொல்வார். "அஞ்சாவது கேட்டான். பால் தீந்துபோச்சு."

பிறகு ஒயர் சா வந்தது. வைரம் பதித்த கம்பி ஒன்று பாறையை நூல் பிடித்த மாதிரி அறுத்துக்கொண்டு போனது. பன்னிரண்டு ஜாக்ஹேமர்காரர்கள் ஒரு வாரம் செய்ததை அது இரண்டு நாளில் செய்தது. ஆட்கள் குறைந்தார்கள். தாவூதின் பட்டறையில் அடிக்க ராடு இல்லை. அவர் காலமானபோது உலை அணைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் குத்தகை முடிந்தது. கம்பெனி அதைப் புதுப்பிக்கவில்லை. டெரிக்கைக் கேஸ் கட்டரால் அறுத்து லாரியில் ஏற்றினார்கள். ஆபீஸின் தகரக் கூரையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர் இறைத்த மோட்டார் நின்றதும் குவாரிக் குழி நிறைந்தது. பஸ் ஒன்றாகி, பிறகு அதுவும் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் ஓசூர், திருப்பூர் என்று போனார்கள். குப்புராஜின் நெஞ்சில் இருபத்தைந்து வருஷத்துக் கல் தூசி தங்கிவிட்டது. பத்தடி நடந்தால் பத்து நிமிஷம் உட்கார வேண்டும்.

ஆனாலும் வீடுகள் காலியாகவில்லை. கம்பெனி போய்விட்டது, ஊர் போகவில்லை. இதைக் காசியம்மாள் பெருமையாகச் சொல்லமாட்டார். நம்பர் சொல்கிற குரலிலேயே சொல்வார்: "முப்பத்தெட்டுல முப்பத்தொம்பது குடும்பம் இருக்குது. பதினாலுல அண்ணன் தம்பி ரெண்டு அடுப்பு."

பட்டா கேட்டு மனுக் கொடுத்ததும் அவர்தான். மனுவைப் பார்த்து, போன ஆடி மாதம் ஓர் அளவையர் வந்தார். அன்றைக்குக் குப்புராஜை எக்ஸ்ரே எடுக்கக் காசியம்மாள் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். முப்பது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு வீட்டு நம்பர்களை மூடிவிட்டிருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு நம்பர் மனப்பாடம். யாரும் திரும்ப எழுதவில்லை. அளவையர் தெரு முனையிலிருந்து தாமாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டு போனார். பிறகு ரேஷன் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒரு கார்டும் பொருந்தவில்லை. இரண்டாவது வீட்டுக்காரர் முப்பத்தொன்று என்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர் பன்னிரண்டு என்கிறார். கார்டில் இருக்கும் வீடு வேறு, இவர்கள் உட்கார்ந்திருக்கும் வீடு வேறு என்று எழுதிவிட்டார். கம்பெனி போன பிறகு காலி வீடுகளில் புகுந்த ஆக்கிரமிப்பாளர்கள், நிலம் கல்லாங்குத்து, காலி செய்யலாம் என்று அறிக்கையை முடித்திருந்தார்.

நோட்டீஸைத் தண்ணீர் டேங்கில் ஒட்டினார்கள். பதினைந்து நாளில் மறுப்புச் சொல்லலாம் என்று இருந்தது.

"பாத்தியாக்கா, உன் நம்பரு செஞ்ச வேலைய?" என்றார் ஜான் பீ. "வரிசையா போட்டுத் தொலைச்சிருந்தா இந்த வம்பு உண்டா?"

காசியம்மாளுக்கு அந்த வார்த்தை தைத்துவிட்டது. முப்பத்தெட்டு வீட்டையும் தன் கை எழுத்தே ஊரைவிட்டுத் தள்ளுகிறதா? சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். குப்புராஜ் டீயை நீட்டினார்.

"ஏ காசி. ஒரு டின்னு பெயிண்டு வாங்கி, எல்லா வூட்டுலயும் பழையபடி எழுதிடு. உன் கைதான? யாரு கண்டா?"

"நான் கண்டனே."

"அதென்னா பேச்சு?"

"பாத்துட்டு எழுதறதுதான் நம்பரு. எழுதிட்டுப் பாக்கச் சொல்றது நம்பரு இல்ல. புதுப் பெயிண்டு வாசத்துல வந்த ஆபீசரு மோந்தே சொல்லிடுவாரு." டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். "எழுத்து எங்கயும் போவல. சுண்ணாம்புக்கு உள்ளதான் இருக்குது."

மறுநாள் காலை நாலாம் நம்பர் வீட்டில் ஆரம்பித்தார். கொத்துக்கரண்டியால் வெடுக்கென்று சுரண்டினால் எனாமலும் உரிந்து வந்துவிடும். சுரண்டாமல் விட்டால் முப்பது பூச்சுக் கனத்தில் ஒன்றும் தெரியாது. அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டை ஓடு, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு பழைய துணி எடுத்துக்கொண்டார். சிரட்டை விளிம்பால் கொஞ்சம் வழிப்பார். ஈரத் துணியை ஒற்றுவார். பார்ப்பார். இல்லை. மறுபடி கொஞ்சம். சுண்ணாம்பு நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகும். காய்ந்தால் திரும்ப வெளுக்கும். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, ஈரத்துக்குள்ளிருந்து மங்கலாக ஒரு சிவப்பு எழுந்தது. முதலில் நான்கின் காம்பு. பிறகு முழு நான்கு. கீழே தொண்ணூற்றொன்று. துணியை எடுத்ததும் மெல்ல மறைந்தது.

பார்த்துக்கொண்டிருந்த ஜான் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொருக்கா ஊத்துக்கா" என்றார்.

ஒரு நாளைக்கு மூன்று வீடு. அதற்கு மேல் கண் எரியும். பிறர் செய்ய முன்வந்தபோது அவர் விடவில்லை; ஜான் பீயிடம் மட்டும் துணி நனைக்கும் வேலையைக் கொடுத்தார். பதிமூன்று நாளில் முப்பத்தேழு வீடு முடிந்தது. தன் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். காரணம் இருந்தது. இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பெரிய வெடியில் அவர்கள் வீட்டு வாசல் ஓரம் சரிந்தது. காசியம்மாள் யார்டில் லோடு அனுப்பிக்கொண்டிருந்தபோது குப்புராஜே எடுத்துக்கட்டிச் சிமெண்டு பூசிவிட்டார். நம்பர் கல் எங்கே என்று கேட்டதற்கு, "உள்ளதான் வெச்சுப் பூசியிருக்கறன்" என்றார். ஆகவே அங்கே சிரட்டை போதாது, உளி வேண்டும். அதை ஆபீசர் முன்னாலேயே திறந்து காட்டுவோம் என்று இருந்துவிட்டார்.

காசியம்மாள் கொடுத்த மறுப்பு மனுவைப் பார்த்து மறு அளவைக்கு வந்தவர் கோகிலவாணி என்ற இளம் அளவையர். ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நோட்டீஸைப் படித்தார்.

"யாரும்மா இந்த நம்பர் போட்டது? ஏழுக்குப் பக்கத்துல முப்பத்தொண்ணு எப்படி வரும்?"

காசியம்மாள் சொன்னார். கோகிலவாணி ஹெல்மெட்டைக் கழற்றினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வீடு வீடாக நடந்தார்கள். காசியம்மாள் துணியை ஒற்ற, சிவப்பு எழுந்தது. கோகிலவாணி போட்டோ எடுத்து, ரேஷன் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஏழு, பன்னிரண்டு, நாலு, இருபத்திரண்டு. பத்து வீடு தாண்டியதும் அவரே கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். முப்பத்தேழு வீட்டுக் கார்டுகளும் சுவரோடு பொருந்தின.

கடைசியில் முப்பத்தொன்று. குப்புராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க? இங்கயே இருங்க" என்றார் காசியம்மாள்.

உளியை வைத்துப் பூச்சைத் தட்டினார். உள்ளே செங்கல். பக்கத்தில் தட்டினார். அங்கேயும் செங்கல். முழுப் பூச்சையும் எடுத்துப் பார்த்தாயிற்று. கல்லில் கட்டிய சுவருக்கு நடுவே சன்னல் மாதிரி ஒரு சதுரம் செங்கலாகவே இருந்தது. எல்லாரும் குப்புராஜைப் பார்த்தார்கள். குப்புராஜ் இருமினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருமினார்.

"இருமினது போதும். கல்லு எங்க?"

"அது வந்து... வாட்டமா, வழவழன்னு இருந்துச்சு."

"எங்கன்னு கேட்டன்."

"நீதான் தெனமும் அதும்மேல சேல தொவைக்கற."

ஜான் பீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணி விழுந்துவிட்டது. "இருவது வருசமா புருசன் பொய்யப் போட்டு அடிச்சிருக்கற அக்கா. ஒரு நாளாவது தண்ணி ஊத்திப் பாத்தியா?"

"தெனமும்தான் ஊத்தனன்" என்றார் காசியம்மாள். "மேல் பக்கம்."

வீட்டின் பின்பக்கம் போய், நாலு பேர் கடப்பாரை போட்டுத் துவைக்கிற கல்லைப் புரட்டினார்கள். அடியில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவினார் காசியம்மாள். சுண்ணாம்பு படாத, வெயில் படாத எழுத்து நேற்று எழுதியது மாதிரி பளிச்சென்று இருந்தது. முப்பத்தொன்று. தொண்ணூற்றொன்று. லைனிலேயே நல்ல சிவப்பு அதுதான்.

ஆனால் கோகிலவாணி பேனாவை எடுக்கவில்லை. "அம்மா, நான் நம்பறன். ஆனா கல்லு சுவத்துல இல்லியே. தனியா கெடக்கற கல்ல எங்கிருந்து வேணும்னாலும் கொண்டு வரலாம்னு மேல கேப்பாங்க. நான் என்ன எழுதறது?"

முப்பத்தேழு வீட்டை மீட்டவரின் வீடு மட்டும் விட்டுப்போகப் போகிறது. குப்புராஜ் தலை நிமிரவில்லை.

காசியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க டேப்பக் குடுங்க மேடம்."

கல்லின்மேல் டேப்பை வைத்தார். மூன்று பக்கமும் இரண்டிரண்டு தடவை அளந்தார். "நீளம் அறுவத்தொண்ணு. ஒசரம் நாப்பத்தஞ்சு. கனம் முப்பத்தெட்டு. எழுதிக்குங்க. இனிமே நான் டேப்பத் தொடமாட்டன். நீங்க போயி அந்தச் செங்கல் ஓட்டைய அளங்க."

கோகிலவாணி வாசலுக்குப் போய்க் குனிந்தார். செங்கல் சதுரத்தின் இந்தக் கல் விளிம்பிலிருந்து அந்தக் கல் விளிம்பு வரை டேப்பை இழுத்தார். "அறுவத்து மூணு" என்றார். பிறகு, "நாப்பத்தேழு." நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு ரெண்டு சென்டிமீட்டர் அதிகமா இருக்கே?"

"சுத்தியும் ஒவ்வொரு சென்டிமீட்டரு சாந்து. லைன்ல எல்லாச் சுவத்துக்கும் அதே சாந்துதான். பக்கத்துல அளந்து பாருங்க."

பக்கத்துக் கற்களின் இடைவெளியை அளந்தார். ஒன்று. ஒன்று. ஒன்று. நாலாவதையும் அளந்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். பட்டியலில் ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே முப்பத்தொன்று என்று எழுதி, அருகில் இரண்டு அளவுகளையும் குறித்தார்.

"எல்லாத்தையும் இப்பவே வரிசையா ஒண்ணுலேர்ந்து மாத்தித் தந்துடட்டுமா அம்மா? இனிமே கொழப்பம் வராது."

"வேணாங்க. வந்த வரிசை அதானுங்க" என்றார் காசியம்மாள்.

மார்கழியில் உத்தரவு வந்தது. பதிவேட்டில் கல்லாங்குத்து என்பதை அடித்து நத்தம் என்று எழுதியிருந்தார்கள். நத்தம் என்றால் மக்கள் குடியிருக்கிற இடம். ஜான் பீ அதை டீக்கடையில் மூன்று தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது எல்லா வீட்டிலும் வாசலின் வலது பக்கம் ஒரு சதுரத்தை அடிக்காமல் விட்டிருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் நம்பர் கல் பழைய இடத்துக்கே போய்விட்டது. குப்புராஜே நின்று சாந்து குழைத்தார். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகவில்லை என்பதைக் காசியம்மாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். அதனால் துவைக்கக் கல் இல்லாமல் போயிற்று. இப்போது குப்புராஜ் தினமும் காலையில் பத்தடி நடந்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து, மறுபடி பத்தடி நடந்து, பழைய யார்டுப் பக்கம் ஒரு வாட்டமான கல் தேடுகிறார். மூன்று கல் காட்டிவிட்டார். காசியம்மாள் குடத்தோடு போய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். மூன்றிலும் நூல் ஓடுகிறது.